ஐந்து நாள் தாங்கும்

மார்ச் 3, செவ்வாய், மாலை 6.40. இதுவரை ஏறி இறங்கிய சாப்பாட்டுக் கடைகள்: பதினேழு.

அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டி மட்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. உன் தொண்டை எப்படி இருக்கிறது, கத்துவதைக் குறைத்தாயா? உன் மலையில் டவர் இல்லாததால் இதையெல்லாம் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது. இருபது நிமிஷம் தண்டம்.

நீ கேட்டது இது: விடுதிப் பிள்ளைகள் பதின்மூன்று பேர், பதினைந்து பதினாறு வயசு, கூட வார்டன் நீ ஒருத்தி. மூன்று நாள். கடற்கரைக்குப் பக்கத்தில், மலிவாக, வயிறு நிறைய. "அந்த ஊரிலேயே இருக்கிறாய், உனக்குத் தெரியாத கடையா" என்று கேட்டிருந்தாய். எனக்குக் கடைகளைப் பின்வாசல் வழியாகத்தான் தெரியும். சமையலறைக்குள் போய் ஃப்ரீசர் ரிப்பேர் பார்க்கிறவன் அதே கடையில் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டான்.

பதினேழில் பதினொன்றை அடித்துவிட்டேன். கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி ஃப்ரீசரை அணைத்து வைக்கிறார்கள். கதவைத் திறந்தால் போதும், மீன் எத்தனை நாள் சீனியர் என்று மூக்கே சொல்லிவிடும். மூன்று கடை சுத்தம்தான், ஆனால் பூனைக்கு வைக்கிற மாதிரி வைக்கிறார்கள். உன் பையன்கள் தட்டையும் சேர்த்துக் கடிப்பார்கள். மீதி மூன்றில் விலையைக் கேட்டதும் நானே எழுந்து வந்துவிட்டேன். ஆக, கையில் பூஜ்யம். தேடுகிறேன்.

இந்தப் பயணம் ஒரு புகாரும் இல்லாமல் முடிந்தால் உன்னை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்வேன் என்று தலைமையாசிரியை சொன்னதை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். ஒரு இடத்தில் எழுதினாலே புரியும். ஆறு வருஷமாகத் தற்காலிகம் என்பது எனக்கும் தெரியும்.

தம்பி

*

மார்ச் 14

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை. தொண்டை கம்மிப்போய்க் கிடக்கிறது, பிள்ளைகளுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். அம்மாவை மாடிப்படி ஏற விடாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் வாசித்துக் காட்டினேன். அதிலிருந்து தினமும் பருப்பைக் கிளறிக்கொண்டே "மிஸ், இது எத்தனை நாள் சீனியர்" என்று கேட்கிறார்கள். ஆரம்பித்து வைத்தது ரேடியோ. தூங்கும்போது மட்டும்தான் வாய் மூடியிருக்கும், அதனால் அந்தப் பேர். வகுப்பில் முதல். தாய் தகப்பன் இல்லை, சித்தி ஒருத்தி வருஷத்துக்கு ஒரு தடவை கையெழுத்துப் போட வருவாள். விடுதிக் கடிதங்களைத் தபால்பெட்டியில் போடுவது ரேடியோவின் வேலை. உன் முகவரியைப் பாட்டு மாதிரி ஒப்பிக்கிறாள்.

ஒரு விஷயம். மலிவு மலிவு என்று எழுதினேனே தவிர, இதுகளுக்கு ஒரு ஆசை இருக்கிறது. மேஜை இருக்கணுமாம். மேலே ஃபேன் சுற்றணுமாம். விலை எழுதின அட்டையைக் கையில் கொடுத்து, "என்ன வேணும்"னு கேட்கணுமாம். "இங்க யாரும் எங்களை என்ன வேணும்னு கேட்டதே இல்லையே மிஸ்" என்கிறாள் ரேடியோ. கையை ஓங்கினேன். அப்புறம் கீழே போட்டுவிட்டேன், அவள் சொன்னது உண்மைதானே.

மீன் வேண்டுமாம். பதின்மூன்றில் ஒருத்தர்கூடக் கடலைப் பார்த்ததில்லையடா. ராத்திரியில் அலையை யாராவது நிறுத்துவார்களா என்று ஒருத்தன் கேட்கிறான்.

ஏப்ரல் 9, 10, 11. மறந்துவிடாதே.

அக்கா

*

மார்ச் 27

அக்காவுக்கு,

அம்மாவின் முட்டிக்கு எண்ணெய் மாற்றியாயிற்று. நான் வழக்கம் போல.

கடை கிடைத்துவிட்டது. கடற்கரைச் சாலையில் இரண்டாவது திருப்பம். மேஜை பன்னிரண்டு, ஃபேன் எட்டு, அட்டை உண்டு, அதில் மீன் படமும் உண்டு. முதலாளி முகத்தில் ஒரு தடவைகூடச் சிரிப்பைப் பார்த்தவர் கிடையாது, அதனால் ஊரே அவரைச் சிரிப்பு முதலாளி என்கிறது. பேரம் இப்படிப் போனது.

"எத்தனை தலை?"

"பதின்மூணு பசங்க. ஒரு வார்டன்."

"பாதி விலைக்கா? நான் என்ன சத்திரமா நடத்துறேன்?"

"உங்க ஃப்ரீசர் ஒரு மாசமா பீரோவாத்தான் நிக்குது. நான் ஓட விடறேன். கூலி வேணாம்."

என்னையும் ஃப்ரீசரையும் மாறி மாறிப் பார்த்தார். "மீனும் போடறேன்" என்றார்.

கோளாறு என்ன என்று உனக்கும் சொல்லிவிடுகிறேன். உள்ளே சேரும் ஐஸைத் தானாக உருக்கிவிட ஒரு டைமர் இருக்கும். அது செத்துவிட்டது. புதுசு வர இரண்டு மாதம் ஆகும். அதைத் தாண்டி நேராக வயர் கொடுத்தால் ஃப்ரீசர் குளிரும், ஆனால் ஐஸ் உருகாது, சேர்ந்துகொண்டே போகும். ஐந்து நாள் தாங்கும். அதற்கப்புறம் ஐஸ் கட்டிக் காற்று அடைபட்டுவிடும். வெளியே மோட்டார் ஜம்மென்று ஓடும், உள்ளே மீன் வெந்நீரில் குளிக்கும். ஏப்ரல் 7 வயர் கொடுக்கிறேன். நீங்கள் 11 கிளம்பிவிடுகிறீர்கள். கணக்குச் சரி.

இது கம்பெனிக்குத் தெரியாமல் செய்வது. தெரிந்தால் என் சீட்டு கிழிந்துவிடும். இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் வாசிக்காதே.

தம்பி

*

ஏப்ரல் 4

தம்பிக்கு,

நலம்தானே? எனக்குத் தொண்டை தேவலை. அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டு வருகிறேன்.

கோபப்படாதே. பள்ளி பஸ்ஸை வேறு எதற்கோ அனுப்பிவிட்டார்கள். பயணம் ஆறு நாள் தள்ளிப்போய்விட்டது. 15, 16, 17. முதலாளியிடம் சொல்லி வை. அங்கே இரண்டாம் நாள் ராத்திரிதான் மீன் சாப்பாடு என்று பிள்ளைகள் முடிவு பண்ணி, சுவரில் தேதி போட்டு அடித்துக்கொண்டு வருகிறார்கள். இனி மாற்ற என்னால் ஆகாது, என்னைத் தின்றுவிடுவார்கள்.

அக்கா

*

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம்.

உன் கடிதம் நேற்று வந்தது. வயர் முந்தாநாளே கொடுத்தாயிற்று. தேதி சொன்னால் சொன்ன தேதிக்கு வர வேண்டும், இது என்ன கல்யாண ஊர்வலமா? 12 முதல் 24 வரை என்னை வெளியூரில் ஒரு குளிர்கிடங்கு வேலைக்கு அனுப்புகிறார்கள், அதனால் உங்களைப் பார்க்க முடியாது. முதலாளியிடம் புதுத் தேதி சொல்லிவிட்டேன். பேசின விலைதான்.

போவதற்கு முன் ஒரு தடவை ஃப்ரீசரை நிறுத்தி ஐஸை உருக்க வேண்டும். அரை நாள் வேலை. பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 22

தம்பிக்கு,

நீ ஊர் திரும்பியதும் இது கையில் கிடைக்கும். அம்மாவிடம் எதையும் சொல்லாதே. சால்வையைக் கொடுத்தேன், தோளில் போட்டுப் பார்த்தாள்.

முதல் நாள் கடலில் நின்றார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை, ரேடியோகூட. இரண்டாம் நாள் ராத்திரி உன் கடை. அட்டையைக் கையில் கொடுத்து "என்ன வேணும்" என்று கேட்டார்கள். பதின்மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "உங்களைத்தானே கேக்கறாங்க, சொல்லுங்க" என்றேன். அதற்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மீன் வந்தது. ரேடியோ முகர்ந்து பார்த்துவிட்டு, "மிஸ், இது ரொம்ப சீனியர்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். எனக்கு மானம் போய்விட்டது. "எந்தம்பி காலில் விழாத குறையா பேசி வாங்கின சாப்பாடு. மூக்கைச் சுளிக்காம தின்னு" என்றேன். தின்றாள். பக்கத்தில் ஒரு சின்னவள் பாதியில் வைத்ததையும் வாங்கித் தின்றாள், நான் வீணாக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன் என்பதால்.

விடிவதற்குள் ஏழு பேர் வாந்தி. ஆறு பேர் மறுநாள் எழுந்துவிட்டார்கள். ரேடியோவுக்கு நாலு நாள் கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நடுவில் ஒரு நாள் அவள் பேசவே இல்லை. டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. இப்போது தேறிவிட்டாள். எழுந்ததும் "மிஸ், உங்க தம்பி கோவிச்சுக்குவாரா" என்றாள்.

தலைமையாசிரியை விசாரணை வைத்திருக்கிறார். மே 10. கடையைத் தேர்ந்தெடுத்தது யார், என்ன பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எழுத்தில் கேட்கிறார். என் வேலை அதில்தான் தொங்குகிறது. அந்த ஃப்ரீசர் சரியாகத்தானே இருந்தது? உடனே எழுது.

அக்கா

*

மே 4

அக்காவுக்கு,

அம்மா நலம். சால்வையைக் கழற்றுவதில்லை. எனக்கு நாலு நாள் காய்ச்சல், இப்போது இல்லை. அதனால் தாமதம்.

உணர்ச்சிவசப்படாமல் வாசி. ஊர் வந்ததும் கடைக்குப் போனேன். ஐஸை உருக்கி, உள்ளே துடைத்து, ஓடவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். மைனஸ் பதினெட்டு. இருக்க வேண்டிய அளவு அதுதான். அதை நீ எழுதிக்கொள்ளலாம். முதலாளியும் வேறு யாரிடமிருந்தும் புகார் இல்லை என்கிறார்.

ஏழு பேருக்கு ஒரே நேரத்தில் வந்தால் பொதுவாக என்ன தின்றார்கள் என்று பார்க்க வேண்டும். மீன் மட்டும்தானா? கடற்கரை முழுக்கக் குச்சி ஐஸ்காரர்கள். அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்வது என்று செய்கிறவனுக்கே தெரியாது. கடலையே பார்க்காத பிள்ளைகள் ஐஸ் வாங்காமலா வந்திருக்கும்? நீ கவனிக்காத பத்து நிமிஷம் இருந்திருக்கும். எதையும் ஆரம்பித்து வைப்பது யார் என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். அதிகமாகப் படுத்ததும் அவள்தான். அதிகம் தின்றவள்தான் அதிகம் படுப்பாள்.

இதை இந்த வரிசையிலேயே எழுதிக் கொடு. விசாரணை செய்கிறவர்களுக்கும் சீக்கிரம் முடிந்தால் நல்லதுதான்.

தம்பி

*

மே 17

தம்பிக்கு,

காய்ச்சல் திரும்ப வரவில்லையே? கஷாயம் எதுவும் வேண்டாம், ஓய்வெடு.

நீ சொன்ன வரிசையிலேயே எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகளை ஒவ்வொருத்தராக அறைக்குள் கூப்பிட்டார்கள். முதலில் எல்லாரும் ஐஸ் சாப்பிடவில்லை என்றார்கள். அடுத்த வருஷம் விடுதியில் இடம் வேண்டுமா என்று கேட்டார் தலைமையாசிரியை. அதற்கப்புறம் ஆறு பேர், ரேடியோதான் வாங்கி எல்லாருக்கும் கொடுத்தாள் என்று சொன்னார்கள். நிறம் கேட்டதற்கு ஒருத்தன் சிவப்பு என்றான், ஒருத்தி மஞ்சள் என்றாள். யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ரேடியோவைக் கடைசியில் கூப்பிட்டார்கள். "சாப்பிட்டிருந்தா சாப்பிட்டேன்னு சொல்லிடுவேன் மேடம். ஐஸ் கேட்டேன், மிஸ்தான் வாங்கித் தரலை" என்றாள். "மிஸ், நீங்க சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினாள். நான் மேஜையில் இருந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் கயிறு பச்சை. முடிச்சு தப்பாகப் போட்டிருந்தது.

தப்பை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் மன்னிப்பதாகச் சொன்னார்கள். செய்யாததை எழுத மாட்டேன் என்றாள். பொய், கீழ்ப்படியாமை என்று எழுதி விடுதியை விட்டு அனுப்பிவிட்டார்கள். சித்தி வந்து கூட்டிக்கொண்டு போனாள். பெட்டியை நான்தான் கட்டினேன். "விடுங்க மிஸ், உங்க தொண்டைக்கு இனிமே ரெஸ்ட்" என்றாள்.

ஜூன் ஒன்றிலிருந்து நான் நிரந்தரம். உத்தரவு நேற்று வந்தது.

நேற்று ராத்திரி உன் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்து வாசித்தேன். ஐந்து நாள் தாங்கும் என்று எழுதியிருக்கிறாய். ஏழாம் தேதியிலிருந்து பதினாறு வரை விரல்விட்டு எண்ணினேன். இரண்டு கையும் தேவைப்பட்டது. கிளம்பும் முன் நீ அந்தக் கடைக்குப் போனாயா என்று கேட்கப் போவதில்லை. நீயும் எழுதாதே. எழுதினால் நான் எதையாவது செய்ய வேண்டி வரும். கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மே 30

அக்காவுக்கு,

எல்லாரும் நலம். நிரந்தரமானதற்கு வாழ்த்துகள். அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் இனிப்பு கொடுத்தாள்.

இங்கே வெயில் அதிகம். வேலை அதிகம்.

தம்பி

*

ஜூன் 11

அண்ணனுக்கு,

நீங்க நல்லா இருக்கீங்களா? உங்க அம்மாவுக்கு முட்டி எப்படி? மிஸ் வாசிச்சதுல தெரியும். நான் ரேடியோ. நீங்க என்னைப் பார்த்ததில்லை, ஆனா உங்க முகவரியை நான் பார்க்காமயே எழுதுவேன்.

உடம்பு சரியாயிடுச்சு. சித்தி வீட்டுல இருக்கேன். ரெண்டு ரூம், ஏழு பேர், நான் எட்டு. தூங்கும்போது திரும்பணும்னா எல்லாரும் சேர்ந்துதான் திரும்பணும். ஒருத்தர் "ரெடி"ன்னு சொல்லணும். இங்கிருந்து பள்ளிக்கூடம் போக வழியில்லை, விடுதி இருந்தாத்தான் படிப்பு. ஜூன் 30 வரைக்கும் என் இடத்தை வேற யாருக்கும் கொடுக்க மாட்டாங்களாம். பள்ளிக்கூட ஆபீஸ்ல வேலை செய்யற அக்கா சொன்னாங்க.

அதான் எழுதறேன். அண்ணே, நான் ஐஸ் சாப்பிடலை. யாரும் சாப்பிடலை. மீன் வாடை அடிச்சுது. மிஸ் அன்னிக்கு டென்ஷன்ல இருந்தாங்க, அவங்களை நான் குத்தம் சொல்லலை. நீங்க ஃப்ரீசர் படிச்சவங்க. ஒரே ஒரு கேள்வி: அந்த மீன் கெட்டுப்போயிருக்க முடியுமா முடியாதா? முடியும்னா ஒரு தாள்ல அதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. நான் கொண்டுபோய் ஆபீஸ்ல காட்டறேன். உங்க பேரு யாருக்கும் தெரிய வேணாம்னா அதுக்கும் ஒரு வழி யோசிச்சு வெச்சிருக்கேன்.

அதுக்கு வழியில்லைன்னா இன்னொண்ணு. சித்தி என்னை வேலைக்குப் போகச் சொல்றாங்க. உங்களுக்குத்தான் அந்த ஊர்ல எல்லாக் கடையும் தெரியுமே. பதினாறு முடிஞ்சுது. பாத்திரம் நல்லா கழுவுவேன். எனக்குத் தெரிஞ்ச கடை அந்த ஒண்ணுதான், அங்கே இருந்தாலும் சரி. ஃபேன் நல்லா இருந்துது.

முதல்ல கேட்டதுக்குத்தான் பதில் வேணும். ரெண்டாவது சும்மா எழுதி வெச்சேன்.

உங்க கடைக்கு நன்றி. "என்ன வேணும்"னு கேட்டாங்க.

ரேடியோ

*

ஜூன் 20, சனி, காலை 7.15

ரேடியோவுக்கு,

உடம்பு தேறியது நல்லது. அம்மாவுக்கு முட்டி பரவாயில்லை.

மீனைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் இயந்திரம் பார்ப்பவன். மீன் என் படிப்பில் இல்லை. தெரியாததை எழுதிக் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்குக் கிடையாது. பள்ளிக்கூடத்தை நினைத்து நாளைக் கடத்தாதே. முடிந்தது முடிந்ததுதான்.

இரண்டாவது விஷயம் முடிந்துவிட்டது. நேற்றே முதலாளியிடம் பேசினேன். "வாய் ஜாஸ்தியா இருக்குமோ?" என்றார். "வேலை சுத்தமா இருக்கும்" என்றேன். மூன்று வேளைச் சாப்பாடு, மாதச் சம்பளம், வாரம் ஒரு மதியம் விடுப்பு. சித்திக்குத் திருப்தியாக இருக்கும். இனி நான் செய்யப்போவது:

1. அடுத்த ஞாயிறு 28ஆம் தேதி காலை ஆறரை மணிக்குப் பஸ் நிலையத்தில் மூன்றாவது மேடையில் நிற்பேன். நீல நிறக் கருவிப்பை வைத்திருப்பேன். சித்தி கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் வராதே.

2. நேராகக் கடைக்குக் கூட்டிப்போவேன். பின்வாசல் வழியாக. முன்வாசல் சாப்பிட வருகிறவர்களுக்கு.

3. மாடியில் சமையற்காரம்மா அறையில் உனக்கும் ஒரு பாய் போடச் சொல்வேன். ஃபேன் கிடையாது, ஜன்னல் உண்டு.

4. புது டைமர் வந்துவிட்டது. நீ வருவதற்கு முன் மாட்டிவிடுவேன். எப்படியும் ஃப்ரீசரைத் திறப்பது உன் வேலை இல்லை.

5. நீ இங்கே இருப்பதை அக்காவுக்கு எழுத மாட்டேன். அவளுக்கு இப்போது பொறுப்பு அதிகம்.

6. நீ ஏப்ரலில் இங்கே சாப்பிட்டவள் என்று முதலாளியிடம் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே.